எரிசக்தித் துறைப் பணிகளை மாணவர்களிடம் கொண்டுசெல்வது எப்படி?

எரிசக்தித் துறையில் என்ன வேலை இருக்கிறது என்று ஒரு வகுப்பில் கேட்டால், கம்பத்தில் ஏறுபவர், பொறியாளர் என்ற இரண்டு விடைகளோடு பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2022-இல் உலகெங்கும் ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் பேர் இத்துறையில் பணியாற்றினார்கள். அத்தனை பெரிய துறை இரண்டு உருவங்களாகச் சுருங்கிப்போவதற்குக் காரணம், மற்றவர்களின் வேலை வேலிக்கும் சுவருக்கும் அப்பால் நடப்பதுதான். அந்த வேலைகளை மாணவர்களின் கண்ணுக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவருவதே வட்டார அளவிலான பரப்புரையின் பணி.

முதலில், பள்ளியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் மின்நிலையம், துணைமின் நிலையம், காற்றாலை, சூரியமின் பண்ணை, எரிவாயு விநியோக நிலையம், மின்மாற்றி பழுதுபார்க்கும் பணிமனை ஆகிய அனைத்தையும் பட்டியலிட வேண்டும். பின்னர் ஒவ்வோர் இடத்திலும் எத்தகைய பணியாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எந்தப் படிப்பின் வழியாக உள்ளே வந்தார்கள், அடுத்த ஐந்தாண்டுகளில் எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்று நிறுவனத்திடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வெல்டர், பிட்டர், மின்பழுதை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கச் செய்யும் ரிலே கருவிகளின் சோதனையாளர், நில அளவையாளர், நீர் வேதியியல் ஆய்வாளர், கணக்கர் என்று நீளும் இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் வகுப்புக்குள் நுழைபவர், அந்த வட்டாரத்தில் இல்லாத வேலைகளைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்ப நேரிடும்.

அடுத்தது காலம். பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்து முடித்த மாணவரிடம் கணிதத்தின் அவசியத்தைச் சொல்வதில் பயனில்லை. எனவே அந்தத் தேர்வுக்கு முந்தைய ஆண்டிலேயே தொடங்கி, ஒரே குழுவை இரண்டு மூன்று முறையாவது சந்திக்கும்படி திட்டமிட வேண்டும்.

பேச்சாளராக நிறுவனத்தின் உயர் அதிகாரியை அழைக்கும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. அவர் நன்றாகப் பேசக்கூடும். ஆனால் பதினைந்து வயது மாணவர் தம்மை அவருடைய இடத்தில் வைத்துப் பார்ப்பது கடினம். பணியில் சேர்ந்து நான்கைந்து ஆண்டுகளே ஆன, இயன்றால் அதே வட்டாரத்தில் படித்த டெக்னீஷியன் ஒருவர் தமது ஒரு நாளைக் காலை முதல் மாலை வரை விவரிப்பது அதைவிட ஆழமாகப் பதியும். பேச்சாளர்களில் பெண்கள் இருப்பதும், அவர்கள் களப்பணியிலிருந்து வருவதும் முக்கியம். சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பணியாளர்களில் பெண்கள் 32 விழுக்காடு. நிர்வாகப் பணிகளில் 45 விழுக்காடாக உள்ள அவர்களுடைய பங்கு, அறிவியல், தொழில்நுட்பப் பணிகளில் 28 விழுக்காடாகக் குறைகிறது. மாணவிகள் பார்க்க வேண்டியது இரண்டாம் வகையினரையே.

செய்முறை இல்லாத நிகழ்ச்சியை நடத்துவதைவிட நடத்தாமலிருப்பதே மேல் என்பது என் கருத்து. கையால் சுழற்றும் சிறிய ஜெனரேட்டர் ஒன்றும், இழை பல்புகள் சிலவும், இணைப்புக் கம்பிகளும் இருந்தால் போதும். பல்பை இணைக்காதபோது கைப்பிடி எளிதாகச் சுழலும். ஒரு பல்பை இணைத்ததும் கை கனப்பதை மாணவர் உணர்வார். இரண்டாவதைப் பக்க இணைப்பில் சேர்த்தால், அதே பலத்தோடு சுற்றினாலும் வேகம் குறையும். 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலைப் பாடநூலில் படித்தவர்கள்கூட இந்தக் கனத்தை உணர்ந்திருப்பதில்லை. அந்த நொடியில்தான் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும்: மின்நிலையங்களையும் நுகர்வோரையும் இணைக்கும் மின்தொகுப்பிலும் இதுவே நிகழ்கிறது, நுகர்வு உற்பத்தியை மிஞ்சினால் ஜெனரேட்டர்களின் வேகம் தளர்ந்து, மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதைக் காட்டும் அலைவெண் 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலிருந்து இறங்குகிறது, அந்த எண்ணை இரவு பகலாகக் கண்காணித்து உற்பத்தியைக் கூட்டவும் குறைக்கவும் ஆணையிடுவதே கட்டுப்பாட்டு அறையில் ஒருவருக்கு வேலை. கை வலிக்கச் சுற்றிய மாணவருக்கு அந்த வேலையின் பொருள் தனியாக விளக்காமலே புரியும்.

நேரில் அழைத்துச் செல்லும்போது, ஒரு குழுவில் இருபது பேருக்கு மேல் சேர்க்காமல், மூடிய காலணி அணிந்து வரச்சொல்லி, நிலையத்தின் பாதுகாப்பு அலுவலரைக் கொண்டே விதிகளை விளக்கச் செய்ய வேண்டும். துணைமின் நிலையத்துக்குள் குடையை விரிக்கக் கூடாது, நீண்ட உலோகப் பொருளை உயர்த்தக் கூடாது என்பதைக் காரணத்தோடு சொன்னால் மாணவர்கள் மறப்பதில்லை. தரையில் ஏன் ஜல்லி பரப்பியிருக்கிறார்கள் என்று யாரேனும் கேட்கக்கூடும். பழுது ஏற்பட்டு மின்னோட்டம் நிலத்தில் பாயும்போது, நிற்பவரின் கால்கள் வழியாக ஏறும் மின்னோட்டத்தை அந்த ஜல்லியின் உயர்ந்த மின்தடை குறைக்கிறது; இதைக் கணக்கிட்டு வடிவமைப்பதும் ஒருவருடைய தொழில்தான்.

கடினமான பக்கத்தை மறைக்கக் கூடாது. இரவுப் பணி, புயலுக்குப் பின் வீடு திரும்ப முடியாத நாட்கள், காற்றாலைக் கோபுரத்தின் உயரம், ஊரிலிருந்து தொலைவான நிலையங்கள் ஆகியவற்றைப் பணியாளரே சொல்லட்டும். நிலக்கரி மின்நிலையம் உள்ள வட்டாரங்களில் அதன் எதிர்காலம் பற்றிய கேள்வி பெற்றோரிடமிருந்து நிச்சயம் வரும். மூடப்படாது என்று உறுதியளிக்க நமக்கு அதிகாரமில்லை. ஆனால் நீராவிச் சுழலி, கொதிகலன், உயர் அழுத்தக் குழாய் ஆகியவற்றில் பெறும் திறன், நீராவியால் இயங்கும் அணுமின் நிலையங்களிலும் புவிவெப்ப நிலையங்களிலும் பயன்படும் என்பதை விளக்கலாம். இதற்காகப் பெற்றோருக்கென்று ஒரு மாலைச் சந்திப்பைத் தனியே வைப்பது நல்லது.

ஆசிரியர்களை மறந்துவிடுவதே பலர் செய்யும் தவறு. ஒரு நாள் பயிற்சி பெற்று, அந்த ஜெனரேட்டரையும் பல்புகளையும் தம் ஆய்வகத்திலேயே வைத்துக்கொள்ளும் இயற்பியல் ஆசிரியர், அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும் வகுப்புகளுக்கும் அதைச் செய்துகாட்டுவார்.

நிகழ்ச்சி முடியும்போது ஒவ்வொரு மாணவரிடமும் ஒரே ஒரு தாள் இருக்க வேண்டும்: வட்டாரத்தில் உள்ள தொழிற்பயிற்சிகள், பட்டயப் படிப்புகள், தொழில் பழகுநர் வாய்ப்புகள், அவற்றுக்கான தகுதி, விண்ணப்பிக்கும் மாதம், தொடர்பு கொள்ள வேண்டிய அலுவலகம். வந்தவர்களின் எண்ணிக்கையையும் எடுத்த படங்களையும் அறிக்கையில் காட்டுவது எளிது. ஓராண்டுக்குப் பின் அந்தத் தாளில் உள்ள இடங்களுக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று பள்ளியிடமும் பயிற்சி நிலையங்களிடமும் கேட்டறிந்து, ஒருவரும் விண்ணப்பிக்காத பணிகளுக்கான பேச்சாளரையும் செய்முறையையும் அடுத்த சுற்றுக்கு முன் மாற்ற வேண்டும்.