மைனிங் மெஷின் வாங்க முதல் வீட்டில் கிடக்கும் பழைய கொம்பியூட்டரில் லினக்ஸ் போடுங்கள்

"அண்ணை, வெளியிலிருந்து ஒரு பிட்காயின் மைனிங் மெஷின் எடுப்பிக்கப் போறன், எது நல்லது?" இந்தக் கேள்வியை யாழ்ப்பாணத்துப் பெடியள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அதோடு நிறுத்தினால் அது உதவி இல்லை. ஏன் வேண்டாம் என்ற கணக்கையும், அதே ஆர்வத்தை வைத்துக்கொண்டு கையில் இருக்கும் சாமான்களால் என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். கோண்டாவிலில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு பழைய ஆன்ட்மைனர் எஸ்9 ஐ வைத்து ஓட்டிப் பார்த்தவன் நான்.

முதலில் கணக்கு. மைனிங் என்றால், மெஷினை இடைவிடாமல் கணக்குப் போட விட்டு, பிட்காயின் பரிமாற்றங்களை ஒரு தொகுதியாக (பிளாக்) பதியும் போட்டியில் வென்று புதிய பிட்காயினைப் பரிசாகப் பெறுவது. எஸ்9 என்பது 2016 இல் வந்த மெஷின். உள்ளே இருப்பவை ஏசிக் சிப்புகள், எஸ்எச்ஏ-256 என்ற ஒரே ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்வதைத் தவிர அவற்றுக்கு வேறெதுவும் தெரியாது. வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 13.5 டெராஹாஷ் (ஒரு டெராஹாஷ் என்றால் அந்தக் கணக்கை ஓர் இலட்சம் கோடி தடவை செய்வது), இழுக்கும் கறண்ட் 1350 வாட் வரை. ஒரு நாளைக்கு 32 யூனிற், மாதத்துக்கு 970 யூனிற். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், தண்ணி மோட்டார், விசிறி எல்லாம் சேர்ந்தே மாதம் 80 யூனிற்றுக்குள் தான் வரும். மின்சார சபையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது, 180 யூனிற்றைத் தாண்டியதெல்லாம் மேல்படி விலையில் விழும், ஆகவே மெஷின் எரிக்கும் யூனிற்றில் பெரும்பங்கு அந்த மேல்படி விலைக்குத்தான் போகும்.

இனி வருமானத்தைப் பாருங்கள். 2024 ஏப்ரலில் நடந்த ஹாவிங்குக்குப் (பரிசு பாதியாகக் குறைவது) பிறகு ஒரு பிளாக்குக்குப் புதிதாகக் கிடைப்பது 3.125 பிட்காயின், பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்றால் நாளைக்கு 144 பிளாக், உலகத்திலுள்ள எல்லா மைனர்களுக்கும் சேர்த்து 450 பிட்காயின். 2024 இல் வலைப்பின்னலின் மொத்த வேகம் 600 எக்ஸாஹாஷைத் தாண்டிவிட்டது (ஒரு எக்ஸாஹாஷ் 10 இலட்சம் டெராஹாஷ்). 600 என்றே வைத்துக்கொண்டால், அதில் ஒரு எஸ்9 இன் பங்கு ஏறக்குறைய 4 கோடியே 44 இலட்சத்தில் ஒன்று. ஒரு நாளைக்குக் கிடைப்பது சுமார் 1000 சதோஷி (ஒரு பிட்காயினுக்கு 10 கோடி சதோஷி). ஒரு பிட்காயின் 1 இலட்சம் டொலருக்கு விற்றால்கூட அது 1 டொலர் தான். பூலுக்கு (மைனர்கள் சேர்ந்து ஓட்டி வருமானத்தைப் பங்கிடும் கூட்டு) கொடுக்கும் கழிவை நான் சேர்க்கவேயில்லை. உங்கள் கறண்ட் பில்லை எடுத்து, கடைசிப் படிக்குரிய விலையை 32 ஆல் பெருக்கி அந்த ஒரு டொலருக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மைனர்கள் கூடினால் சிக்கலளவு (கணக்கு எவ்வளவு கடினம் என்பது) ஏறும், 2016 பிளாக்குக்கு ஒருமுறை வலைப்பின்னல் தானாகவே அதைத் திருத்திக்கொள்ளும், அதனால் இன்றைய பங்கு நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக் கடன் எடுக்கக் கூடாது.

"அப்ப புது மெஷின் எடுத்தால்?" என்று கேட்பீர்கள். எஸ்19 ப்ரோ 110 டெராஹாஷ் ஓடும், யூனிற்றுக்குக் கிடைக்கும் வேலை மிக அதிகம், உண்மைதான். ஆனால் அது இழுப்பது 3250 வாட். எங்கள் 230 வோல்ட்டில் 14 அம்பியர். வீட்டுச் சுவரிலிருக்கும் 13 அம்பியர் பிளக் அதைத் தாங்காது, மெயின் போர்ட்டிலிருந்து தனி வயர் இழுத்துத் தனி பிரேக்கர் போட வேண்டும். எஸ்9 இழுப்பது 6 அம்பியர் தானே என்று பழைய உருண்டைக்கால் பிளக்கிலோ மல்டி பிளக்கிலோ கொழுவி விடாதீர்கள். கேத்தில் இரண்டு நிமிடம் இழுத்துவிட்டு நிற்கும், இது இரவு பகலாக நிற்காமல் இழுக்கும். எனது மல்டி பிளக் மூன்றாம் நாள் இளகி மணக்கத் தொடங்கியது. நான் அறையில் இருந்தபடியால் கண்டுபிடித்தேன், இல்லாவிட்டால் வீடு போயிருக்கும். பழைய வயரிங் உள்ள வீடுகள் எங்கள் பக்கம் கனக்க இருக்கின்றன, எர்த் சரியாக இல்லாத வீடுகளும் இருக்கின்றன, ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று பொத்தானை அமர்த்திப் பார்க்காமல் எந்த மெஷினையும் கொழுவாதீர்கள்.

சத்தம் இன்னொரு பிரச்சினை, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்கும் அளவுக்குச் சத்தம். சூடு அதைவிட மோசம். 1350 வாட் கறண்ட் உள்ளே போனால் 1350 வாட் சூடு வெளியே வரும், சித்திரை வெயிலில் சீற் கூரைக்குக் கீழே அந்த அறைக்குள் மனிதர் நிற்க முடியாது. குருநகர், பருத்தித்துறை, தீவுப்பகுதி என்று கடல் பக்கம் இருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். உப்புக்காற்று அலுமினியத் தகடுகளையும் கனெக்டர்களையும் அரிக்கும், சோழகம் பெயர்ந்தால் சன்னலைத் திறந்து வைத்து ஓட்டவே முடியாது. உரும்பிராய், சுன்னாகம் பக்கம் உப்புக்குப் பதில் செம்மண் தூசி.

கிராபிக்ஸ் கார்ட் வாங்கி ஈதர் (ஈதேரியத்தின் நாணயம்) எடுக்கலாம் என்று இன்னும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஈதேரியம் 2022 செப்டம்பர் 15 அன்றே மைனிங் முறையை விட்டுவிட்டது.

சரி, செய்யக்கூடியது என்ன?

சொந்தமாக ஒரு பிட்காயின் நோட் ஓட்டலாம், அதாவது பிட்காயினின் முழுக் கணக்குப் பதிவையும் (சங்கிலி) வைத்துக்கொண்டு தானே சரிபார்க்கும் மென்பொருள். அதற்கு அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கும் பழைய டெஸ்க்டொப் போதும். நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், அதோடு புதிதாக ஒரு எஸ்எஸ்டி. எஸ்எஸ்டிக்கு மட்டும் காசு செலவழியுங்கள், சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கில் பிட்காயின் நோட்டை முதல்முறை ஒத்திசைக்க விட்டால் வாரக்கணக்கில் அரைத்துக்கொண்டே இருக்கும். முழுச் சங்கிலி 600 ஜிபிக்கு மேல் வந்துவிட்டது, எனவே 1 டெராபைட் எடுப்பது நல்லது. டெபியன் என்ற லினக்ஸைப் போடுங்கள், அலங்காரம் ஒன்றும் தேவையில்லை, டெஸ்க்டொப் வேண்டுமென்றால் எக்ஸ்எஃப்சிஈ போதும். நோட்டுக்கென்று தனி யூசர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதற்குள்ளேயே எல்லாவற்றையும் ஓட்டுங்கள், ரூட்டில் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) ஓட்ட வேண்டாம்.

நோட்டை ஓட்டும் மென்பொருளான பிட்காயின் கோரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கூடவே எஸ்எச்ஏ-256 சரிபார்ப்புத் தொகைக் கோப்பும் கையொப்பக் கோப்பும் இருக்கும், இரண்டையும் இறக்கி, தொகை பொருந்துகிறதா, ஜிபிஜி என்ற கருவியால் கையொப்பம் சரியா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. காசு தொடர்பான மென்பொருளில் இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

எங்கள் இடத்தில் உண்மையான தடை இணைய டேட்டா. மாதப் பெக்கேஜ் வைத்திருப்பவர்கள் 600 ஜிபியை இறக்கப் போனால் பெக்கேஜ் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். ப்ரூன் என்ற அமைப்பைக் குறைந்தபட்சமான 550 இல் வைத்தால் டிஸ்க்கில் பழைய பிளாக்குகளைச் சில நூறு எம்பி அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும், ஆனால் சரிபார்ப்பதற்காக முழுவதையும் ஒருமுறை இறக்கத்தான் செய்யும், அதனால் டேட்டா மிச்சமாகாது. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஏற்கெனவே முழு நோட் ஓட்டும் நண்பர் ஒருவரிடம் எக்ஸ்டேர்னல் டிஸ்க்கைக் கொண்டுபோங்கள், அவருடைய நோட்டை ஒழுங்காக நிறுத்திவிட்டு 'பிளாக்ஸ்' என்ற அடைவை முழுவதுமாகக் கொப்பி பண்ணுங்கள். புதிய பதிப்புகளில் அந்த அடைவுக்குள் ஒரு எக்ஸ்ஓஆர் கோப்பும் இருக்கும், அது இல்லாமல் மற்றக் கோப்புகளை வாசிக்க முடியாது, ஆகவே ஒன்றையும் விடாதீர்கள். உங்கள் மெஷினில் வைத்து 'ரீஇன்டெக்ஸ்' கொடுத்து ஓட்டினால் உங்கள் நோட் ஒவ்வொரு பிளாக்கையும் தானே சோதித்துக்கொண்டு வரும். நண்பரை நம்புவது வேறு, அவர் தந்த கோப்பைச் சோதிப்பது வேறு, இரண்டையும் செய்யலாம். இணுவிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த டிஸ்க்கில்தான் என்னுடைய நோட் தொடங்கியது, டேட்டாவுக்கு ஒரு சதமும் போகவில்லை.

ஒத்திசைந்த பிறகும் உங்கள் நோட் மற்றவர்களுக்குப் பிளாக் அனுப்பிக்கொண்டிருக்கும். அது நல்ல காரியம், ஆனால் பெக்கேஜ் கரையும். 'மேக்ஸ்அப்லோட்டார்கெட்' என்ற அமைப்பில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எல்லை போட்டுவிடுங்கள். ரவுட்டரில் 8333 ஐத் திறப்பது உங்கள் விருப்பம், 8332 ஐ மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே திறக்காதீர்கள், அது உங்கள் நோட்டுக்குக் கட்டளை கொடுக்கும் வாசல்.

அப்புறம் கறண்ட் வெட்டு. 2022 இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை வெட்டினார்கள், அந்த நிலைமை இப்போது இல்லை என்றாலும் மழைக்காலத்தில் திடீரென்று போய் வருவது எங்களுக்குப் பழக்கம். தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு, ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஊர் இது, கறண்ட் இல்லாமல் சமாளிக்க எங்களுக்குத் தெரியும், நோட்டின் டேட்டாபேஸுக்குத் தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கறண்ட் போனால் அது பழுதாகி, திரும்ப முழுவதையும் அரைக்கச் சொல்லும். எனக்கு இரண்டு தரம் அப்படி நடந்தது. சின்ன யுபிஎஸ் ஒன்றைப் போட்டு, அதை யுஎஸ்பி வயரால் கொம்பியூட்டரோடு இணைத்து, டெபியனில் 'நட்' என்ற திறமூல மென்பொருளை நிறுவுங்கள். பற்றரி இறங்கினால் அது நோட்டை ஒழுங்காக நிறுத்தி மெஷினையும் அணைத்துவிடும். பயோஸில் கறண்ட் வந்ததும் தானாக எழும்பும்படி ஓர் அமைப்பு இருக்கும், அதையும் போட்டு, நோட்டைத் தானாகத் தொடங்கும் சிஸ்டம்டி சேவையாக வைத்தால் நீங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் எல்லாம் திரும்ப ஓடும்.

மைனிங் எப்படி நடக்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் மொனேரோ என்ற வேறொரு கிரிப்டோ நாணயத்தை எடுங்கள். 2019 நவம்பரிலிருந்து அது ரேண்டம்எக்ஸ் என்ற முறையில் ஓடுகிறது, சாதாரண சிபியுவுக்கென்றே கட்டப்பட்ட முறை. 2 ஜிபிக்குச் சற்று மேல் ரேம் வேண்டும், ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) 2 எம்பி எல்3 கேஷ் (சிபியுவுக்குள் இருக்கும் வேகமான நினைவகம்) வேண்டும். நான்காம் தலைமுறை ஐ5 இல் 6 எம்பி கேஷ், ஆகவே 3 த்ரெட் போதும், நான்காவதையும் ஏற்றினால் பெரிதாக ஒன்றும் கூடாது. எக்ஸ்எம்ரிக் என்ற திறமூல மைனிங் மென்பொருளை மூலநிரலிலிருந்து நீங்களே கட்டுங்கள், அதற்கு வேண்டிய சிமேக் கருவி, லிப்யூவி, ஓப்பன்எஸ்எஸ்எல், எச்டபிள்யூலாக் நூலகங்கள் எல்லாம் டெபியனிலேயே கிடைக்கும். யாரோ கட்டித் தந்த கோப்பு வேண்டாம், களவாக மற்றவர் கொம்பியூட்டரில் மைன் பண்ணும் வைரஸ்களுக்குள் பெரும்பாலும் இந்த மென்பொருளைத்தான் ஒளித்து வைக்கிறார்கள், அன்ரிவைரஸ் கத்துவதும் அதனால்தான். கேர்னலில் ஹியூஜ் பேஜஸ் (பெரிய நினைவகப் பக்கங்கள்) எண்ணிக்கையை 1280 ஆக வையுங்கள், வேகம் கூடுவது கண்ணுக்குத் தெரியும்.

பூலுக்கு பி2பூல் பாருங்கள். கழிவு எடுப்பதில்லை, உங்கள் காசை இடையில் யாரும் வைத்திருப்பதுமில்லை, ஆனால் உங்களிடம் சொந்த மொனேரோ நோட் ஓட வேண்டும். ப்ரூன் பண்ணினால் அது மூன்றிலொரு பங்காகச் சுருங்கும். சின்ன மெஷின்களுக்கென்று மினி என்று ஒரு தனிச் சங்கிலி அதில் உண்டு, அதில் சேருங்கள். பி2பூலில் வாலட் முகவரி வெளியே தெரியும், மைனிங்குக்கென்று புது வாலட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

இதிலும் காசு எதிர்பார்க்காதீர்கள். என் மெஷின் முழு வேகத்தில் ஏறக்குறைய 100 வாட் இழுக்கிறது, நாள் முழுக்க விட்டால் மாதம் 72 யூனிற், எங்கள் வீட்டு யூனிற் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். பிளக்கில் கொழுவும் வாட்மீற்றர் ஒன்றை வாங்கி நீங்களே அளவுங்கள். கூரையில் சோலார் போட்டவர்கள் "எங்களுக்குக் கறண்ட் சும்மா தானே" என்பார்கள், சபைக்கு விற்கக்கூடிய யூனிற்றை எரிக்கிறீர்கள் என்றால் அது சும்மா இல்லை. நான் மாலையில் ஒரு மணிநேரம் மட்டும் ஓட்டுவேன், பெடியள் வந்தால் காட்டுவதற்கு. 'சென்சர்ஸ்' கட்டளையால் சூட்டைப் பாருங்கள், 80 பாகையைத் தாண்டினால் நிறுத்தி, தூசி தட்டி, காய்ந்துபோன தேர்மல் பேஸ்டை மாற்றுங்கள். பழைய மெஷின்களில் பாதிக் கோளாறு அதில்தான்.

சட்டம் பற்றியும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை மத்திய வங்கி 2022 இலும் அதற்கு முன்னரும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: கிரிப்டோ இங்கே சட்டபூர்வமான பணம் அல்ல, அதற்கென்று எந்த நிறுவனத்துக்கும் உரிமம் கொடுக்கவில்லை, கிரெடிட் கார்டாலும் டெபிட் கார்டாலும் அதை வாங்க அனுமதியில்லை. "மெஷின் எங்களிடம் இருக்கிறது, நீங்கள் காசு மட்டும் போடுங்கள், மாதாமாதம் இலாபம், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் கூட" என்று வருகிறவர்களிடம் தயவுசெய்து ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் அண்ணன் இரவு வேலை செய்து அனுப்பிய காசு அப்படிப் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மேலே போட்ட கணக்கை அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள்.

மொனேரோ வாலட், தொலைந்தால் அதைத் திரும்ப எடுப்பதற்கு 25 சொற்கள் தரும். கடதாசியில் எழுதி, பொலித்தீனில் சுற்றி, கறையான் எட்டாத இடத்தில் இரண்டு பிரதி வையுங்கள். ஃபோனில் படம் எடுத்து வைக்காதீர்கள்.

நோட் முழுவதும் ஒத்திசைந்த அன்று ஒரு வேலை செய்து பாருங்கள். ப்ரூன் பண்ணாத நோட்டாக இருந்தால், 840000 ஆவது பிளாக்கைக் காட்டச் சொல்லிக் கட்டளை கொடுங்கள். ஹாவிங் நடந்த பிளாக் அது. 3.125 என்று எதிர்பார்த்திருப்பீர்கள், ஆனால் அதை எடுத்தவருக்குப் போனது 40 பிட்காயினுக்கு மேல், ஏனென்றால் அந்த ஒரு பிளாக்கில் மட்டும் கட்டணமாக 37 க்கு மேல் சேர்ந்திருந்தது. முதல்முறை அதைப் பார்த்தபோது, இணையத்தையே கழற்றிவிட்டு, எங்கள் பின்னறை மேசையில் என் டிஸ்க்கிலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன்.