மலையில் வயதானவர்கள்: வீட்டார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வயசாயிடுச்சு, இனி அப்படித்தான்" என்று விட்டுவிடுவதுதான் நீலகிரியில் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஓராண்டில் முயலாமலே நாலரை கிலோ இளைப்பது, தீராத அசதி, கைப்பிடியில் வலுக்குறைவு, நடை மந்தமாவது, நடமாட்டம் சுருங்குவது ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் மருத்துவர்கள் அதை முதுமைத் தளர்ச்சியாகக் கணக்கில் எடுக்கிறார்கள். ஒன்றிரண்டு தெரியும்போதே கவனித்தால் பலரைத் தேற்றிவிடலாம். ஆனால் இங்கே ஸ்வெட்டருக்கும் கம்பளிக்கும் அடியில் உடல் இளைப்பது கண்ணில் படுவதில்லை. மாதம் ஒருமுறை எடை பாருங்கள். டீயும் வர்க்கியுமே இரவுச் சாப்பாடாகிவிட்டதா என்றும் பாருங்கள். முட்டை, அவரை, பருப்பு தட்டில் இருந்தாக வேண்டும்.

விழுந்துவிடுவார் என்று பயந்து உட்கார வைத்தே வைத்திருப்பது அடுத்த தவறு. உட்கார உட்காரத் தொடைத் தசை கரைகிறது, விழும் ஆபத்து கூடுகிறது. மழையில் பாசி பிடிக்கும் படிகளுக்கு ஓர் இரும்புக் கைப்பிடி போட்டுக்கொடுங்கள். வெயில் வந்ததும் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரை தருவதோடு அது முடிந்துவிடுகிறது என்று நினைத்துப் பலர் கேட்பதே இல்லை.

மாத்திரை விஷயம்தான் எனக்குப் பெருங்கவலை. எஸ்டேட் மருந்தகம், வீட்டுக்கு வரும் தன்னார்வலர், உதகை மருத்துவமனை, கோவை டாக்டர் என நாலு இடத்து மருந்தும் ஒரே துணிப்பையில் சேர்கின்றன. கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட்டியின் பையில் வெவ்வேறு பெயர் அச்சிட்ட இரண்டு அட்டைகள் இருந்தன. இரண்டிலும் இருந்தது அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மருந்துதான். காலையில் இரண்டையும் விழுங்கிவிட்டு, கட்டிலை விட்டு எழும்போது கண் இருட்டுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20 குறைந்தால் அதை டாக்டர் கவனித்தே ஆக வேண்டும்.

அங்கே அவருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். விழுந்ததைப் பெரியவர்கள் மறைக்கிறார்கள். தெரிந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு, கீழே மகன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். தோட்டத்தையும் அண்டை அயலையும் விட்டுப் போவது அவர்களுக்கு விழுவதைவிடப் பெரிய வலி. "எங்கேயும் அனுப்ப மாட்டோம், சொல்லுங்கள்" என்று முதலில் வாக்குக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேட்டுப்பாளையம் இறங்கவும் தேவையில்லை. உதகை அரசு மருத்துவக் கல்லூரியின் புதிய மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது.

குளிருக்குப் பயந்து மூடிய அறையில் கரியடுப்பு வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கடைசியாக, 108 வண்டி சாலை வரைதான் வரும். அங்கிருந்து லைன் வீட்டுக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, எத்தனை படி, எந்த நாற்காலியில் வைத்துத் தூக்குவது, கூப்பிட்டால் வரக்கூடிய இரண்டு பேர் யார் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.