டக்ஸ்ஹுன்ட்: இந்தப் பெயரை எப்படிச் சொல்வது, எங்கே எப்படிப் பயன்படுத்துவது

நாய்க்குட்டி விற்பனை விளம்பரங்களைப் பார்த்தால் ஒரே நாய்க்கு நாலைந்து பெயர் இருக்கும். டேஷ்ஹவுண்ட், டாஷண்ட், டாச்சண்ட், சும்மா டேஷ். குட்டைக் கால், நீள உடம்பு, தொங்கும் காது, எல்லோரும் சொல்வது அந்த ஒரே ஜெர்மன் வேட்டை நாயைத்தான். பெயரும் ஜெர்மன் பெயர்தான், அதை ஆங்கிலச் சொல் மாதிரி படிப்பதால் வரும் குழப்பம் இது.

முதலில் எழுத்துக்கூட்டிப் பார்ப்போம். டி-ஏ-சி-எச்-எஸ், அப்புறம் எச்-யு-என்-டி. இந்த இடத்தில்தான் வெட்ட வேண்டும். நடுவில் எஸ்ஸும் எச்சும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் நம் வாய் அதை 'ஷ்' ஆக்கிவிடுகிறது, ஆனால் அந்த எஸ் முதல் சொல்லுடையது, எச் இரண்டாவது சொல்லுடையது, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஜெர்மனில் சி-எச்-எஸ் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் 'க்ஸ்' என்றுதான் ஒலிக்கும். நரிக்கு ஃபுக்ஸ், மெழுகுக்கு வக்ஸ், அதே வழியில் இது டக்ஸ். கடைசியில் வரும் டி-யையும் அவர்கள் அழுத்தி 'ட்' என்று முடிப்பார்கள். ஆக டக்ஸ்-ஹுன்ட், முதல் பாதியில் அழுத்தம். பிரிட்டனில் 'ஹ்' தேய்ந்து டாக்ஸுண்ட் என்பது போலக் கேட்கும், அமெரிக்காவில் டாக்ஸ்ஹுன்ட். இவற்றில் எது சொன்னாலும் சரிதான், டேஷ் மட்டும் வேண்டாம். (விக்டோரியா மகாராணி சின்ன வயதில் டேஷ் என்று ஒரு நாய் வைத்திருந்தார், அது ஸ்பேனியல். பிற்காலத்தில் டக்ஸ்ஹுன்டுகளும் அவரிடம் இருந்தன.)

சரி, அர்த்தம். டக்ஸ் என்றால் ஆங்கிலத்தில் பேட்ஜர் எனப்படும் விலங்கு, தமிழில் வளைக்கரடி என்று எழுதுகிறார்கள். முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு, மண் தோண்டுவதற்கே வளர்ந்த நகம், பகலெல்லாம் நிலத்தடி வளையில் தூக்கம். அதை வெளியே கொண்டுவர வளைக்குள் நுழையும் நாய் வேண்டும், அதற்குத்தான் இந்தக் குட்டைக் கால். முன்பாதங்கள் பெரிதாக இருப்பது மண்ணை வாரித் தள்ள. உடம்புக்குப் பொருந்தாத அந்தக் கனத்த குரலும் காரணமாகத்தான்: உள்ளே போன நாய் வளைக்கரடியை ஒரு மூலையில் மடக்கி வைத்துக்கொண்டு விடாமல் குரைக்கும், மேலே நிற்கும் வேட்டைக்காரர் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு அங்கே தோண்டுவார். அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதும் இதே குரலால்தான்.

ஹுன்ட் என்றால் வெறும் நாய். ஆங்கிலத்தின் ஹவுண்டும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை என்றாலும், ஆங்கிலத்தில் அது வேட்டை நாய் என்று சுருங்கிவிட்டது, ஜெர்மனில் தெரு நாயும் ஹுன்ட்தான்; வேட்டை நாய் என்று தனியாகச் சொல்ல யாக்ட்ஹுன்ட் என்பார்கள். அதனால் 'டக்ஸ் ஹவுண்ட்' என்று பிரித்து எழுதாதீர்கள். 'டக்ஸ்ஹுன்ட் நாய்' என்பது நம்ம 'நடுசென்டர்' மாதிரிதான், ஆனால் நாய் வளர்க்காதவரிடம் பேசும்போது அப்படிச் சொன்னால்தான் புரியும் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு வேடிக்கை. ஜெர்மனியில் இந்தப் பெயரை யாரும் அதிகம் சொல்வதில்லை. வீட்டில், தெருவில் எல்லாம் டக்கெல்தான். வேட்டைக்காரர்களும் வளர்ப்பாளர்களும் டெக்கெல் என்பார்கள், 1888-இல் தொடங்கிய அவர்களுடைய சங்கத்தின் பெயரே டாய்ச்சர் டெக்கெல்க்ளுப். நீங்கள் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்ததும் கீழே வந்து, தலையைத் தாழ்த்தி, கண்ணை மட்டும் உயர்த்தி ஒரு பார்வை பார்க்குமே, அதற்கு டக்கெல்ப்ளிக் என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள், மனிதர்கள் அப்படிப் பார்த்தாலும் அதே சொல்தான். ஆனால் ஜெர்மனியின் தென்மேற்கில் ஷ்வாபியாப் பக்கம் போனால் ஒருவரைப் பார்த்து டக்கெல் என்று சொல்லிவிடாதீர்கள், அங்கே அது மடையன் என்ற வசவு. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸின் சின்னமான வால்டியும் இந்த நாய்தான். வால்டி, வால்ட்மன் எல்லாம் அங்கே இதற்கு வழக்கமாக வைக்கும் பெயர்கள், குட்டிக்குப் பெயர் தேடுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

சாசேஜ் டாக், வீனர் டாக் என்பவை செல்லப் பெயர்கள். முதல் உலகப் போர் நேரத்தில் ஜெர்மன் வாடையே ஆகாது என்று அமெரிக்காவில் பேட்ஜர் டாக், லிபர்ட்டி பப் என்றெல்லாம் மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை.

பேச்சில் எப்படியும் போகட்டும், காகிதத்தில் கவனம் வேண்டும். சென்னையில் தலைமையகம் உள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழிலும், மைக்ரோசிப் விவரத்திலும், தடுப்பூசி அட்டையிலும் மேலே சொன்ன அந்த ஒரே எழுத்துக்கூட்டல்தான் இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் அவசரத்தில் காதில் விழுந்ததை எழுதிவிடுவார்கள், அங்கேயே நின்று திருத்தி வாங்குங்கள். நாயோடு வெளிநாடு போகிறவர்களுக்கு இது முக்கியம்.

பெயருக்கு முன்னால் ஒட்டும் அடைமொழிகளில்தான் காசு போகிறது. ரோமத்தை வைத்து மூன்று வகை: வழுவழு, நீள ரோமம், கம்பி ரோமம். இதில் ஏமாற அதிகம் இடமில்லை. அளவில் ஸ்டாண்டர்ட், மினியேச்சர், அதற்கும் கீழே கனின்சென், அதாவது முயல் அளவு, முயல் வளைக்குள் போவதற்கு. நாய் இனங்களுக்கான சர்வதேச அமைப்பான எஃப்.சி.ஐ. இவற்றை எடையால் பிரிப்பதில்லை. குறைந்தது 15 மாதம் ஆன பிறகு மார்புச் சுற்றளவை டேப்பால் அளந்துதான் முடிவு. அமெரிக்காவில் கணக்கே வேறு, அங்கே 12 மாதத்தில் 11 பவுண்டுக்குள், அதாவது சுமார் 5 கிலோவுக்குள் இருந்தால் மினியேச்சர். டீகப், டாய் என்பதெல்லாம் இந்த அமைப்புகளின் பட்டியலில் இல்லாத வியாபாரப் பெயர்கள்.

நிறத்தில் ஒரு பெயரைக் கேட்டால் உஷாராகுங்கள்: டபுள் டேப்பிள். டேப்பிள் என்றால் தேமல் போட்ட நிறம், அது சரி. இரண்டு டேப்பிள் நாய்களைச் சேர்த்துப் பிறக்கும் குட்டிகளில்தான் சில டபுள் டேப்பிள் ஆகின்றன, அவற்றில் பார்வை, காது கேட்பது இரண்டிலும் குறை வருவது உண்டு. அதை 'அபூர்வ நிறம்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

45 நாள் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு 'இது மினியேச்சர், கேரண்டி' என்று ஒருவர் சொன்னால், அது பெற்றோரை வைத்துச் சொல்லும் ஊகம்தான். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி டேப் பிடித்துப் பாருங்கள், தகப்பனின் சான்றிதழையும் கேளுங்கள். தாயைக் காட்டவே தயங்கினால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.