பட்டர்ஃபிளை நீச்சல்ல சீக்கிரம் டயர்ட் ஆகுதா? ரெண்டாவது கிக்கைப் பாருங்க

25 மீட்டர்லயே தோள் விட்டுப்போகுதுன்னா கைல பலம் பத்தலைன்னு நினைக்காதீங்க, பெரும்பாலும் கிக் டைமிங்தான் பிரச்சினை. ஒரு ஸ்ட்ரோக்குக்கு ரெண்டு கிக், கை தண்ணிக்குள்ள போறப்ப ஒண்ணு, தொடைகிட்ட தள்ளி வெளிய வர்றப்ப இன்னொண்ணு, இந்த ரெண்டாவதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க, அதனால இடுப்பு கீழ எறங்கி கையைத் தூக்கவே முடியாமப் போகுது. மூச்சு எடுக்கிறப்ப தாடை தண்ணியை உரசுற மாதிரி வைங்க, கை முன்னால விழுறதுக்குள்ள முகம் உள்ள போயிடணும். நம்ம சிங்கப்பூர் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் 2016 ரியோல 50.39 செகண்ட்ல தங்கம் வாங்கின 100 மீட்டர் வீடியோவை ஸ்லோ மோஷன்ல போட்டு கிக்கை மட்டும் கவனிங்க, அவ்ளோ அழகு! வீக்கெண்ட்ல தெம்பனிஸ், ஈசூன் பக்கம் நீச்சல் குளத்துல லேன் நெரிசலா இருந்தா ஒத்தைக் கை ட்ரில் (ஒரு கையால மட்டும் ஸ்ட்ரோக் போடுற பயிற்சி) பண்ணுங்க, பக்கத்துல நீந்துறவங்க மேல கை படாது, டைமிங்கும் நல்லா பிடிபடும்.