பட்டாளம் முடிந்து துப்பாக்கியோடு வீட்டுக்கு வரும் தம்பிகளுக்கு

எங்கள் ராமநாதபுரம் பக்கம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெறும் பலருக்கு அடுத்த வேலை பாங்க் வாசலில்தான். சொந்தத் துப்பாக்கி இருந்தால் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து லைசென்ஸ் எடுத்து, 12 போர் ரெட்டைக் குழல் ஒன்றை வாங்கி வந்துவிடுவோம். நானும் அப்படி வாங்கியவன்தான். தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் வீடு, கடல் கூப்பிடு தூரம்.

பட்டாளத்தில் ராத்திரி ஆயுதம் நம் கையில் இருக்காது. கோத்தில், அதாவது ஆயுத அறையில் ஒப்படைத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் படுப்போம். பூட்டு, சாவி, காவல் எல்லாம் அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் கோத் என்.சி.ஓ. தலைவலி. வீட்டில் அந்த ஆள் கிடையாது, அந்த வேலையும் நம் தலையில்தான். நிறையப் பேர் லைசென்ஸை லேமினேட் பண்ணிப் பத்திரமாக வைக்கிறார்கள், துப்பாக்கியைக் கதவு மூலையில் சாத்தி வைக்கிறார்கள்.

முதல் வேலை வாசலிலேயே. தோட்டா போட்ட துப்பாக்கி நிலைப்படி தாண்டக் கூடாது. என் வாசலில் ஒரு பெரிய பெயிண்ட் வாளி நிறைய மணல் இருக்கிறது. நம் ஊரில் மணலுக்கா பஞ்சம்? குழல் முனை அந்த வாளியைப் பார்க்க, விரல் விசைக்கு வெளியே இருக்க, மேல் நெம்பைக் கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளினால் குழல் மடியும். தோட்டா இருந்தால் அடிப்பாகம் கொஞ்சம் எழும்பி நிற்கும். இரண்டையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்பக்கமாகப் பார்க்க வேண்டும். இரண்டு வெளிச்ச வட்டம் தெரிய வேண்டும். கரண்ட் இல்லாத ராத்திரி என்றால் சுண்டுவிரலை இரண்டு அறையிலும் விட்டுத் தடவுங்கள். ‘பாங்கிலேயே எடுத்துவிட்டேனே’ என்ற ஞாபகத்தை நம்பி இதை விடாதீர்கள்.

குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸோடு இருக்கும் வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மருந்து கெட்டித்திருக்கிறதா என்று அதில் கண்ணால் பார்க்க முடியாது. காலியாக இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த நாளில் கெட்டிக்கும் கம்பியை அடி வரை விட்டு, குழல் வாய்க்கு நேராகக் கம்பியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பிறகு எப்போது கையில் எடுத்தாலும், மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு இல்லையென்று முதலில் பார்த்துவிட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு கம்பியை விடுங்கள். கோடு வாய்க்கு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை நீங்களே குடையாமல் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

சேஃப்டி இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலான ரெட்டைக் குழலில் அது விசையை மட்டும்தான் பிடித்து நிறுத்தும். துப்பாக்கி சாய்ந்து தரையில் மோதினால் உள்ளே தேய்ந்த கொக்கி நழுவ வாய்ப்பு உண்டு. ஆகவே சேஃப்டியை நம்பித் தோட்டாவை உள்ளே விடாதீர்கள்.

அடுத்தது பூட்டு. ரெட்டைக் குழலில் முன்கட்டையை, அதாவது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் கட்டையைக் கழற்றினால் குழலும் பின்பாகமும் தனித்தனியாக வந்துவிடும். நான் அப்படித்தான் வைக்கிறேன். சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில் துப்பாக்கி, வேறு அறையில் வேறு பூட்டோடு தோட்டா. துணி பீரோ இதற்கு ஆகாது. உங்கள் வீட்டு பீரோ சாவி எங்கே என்று பேரனைக் கேட்டுப் பாருங்கள். முருகன் படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள், தலையணை உறைக்குள் என்று அவன் சரியாகச் சொல்வான். துப்பாக்கிச் சாவி அரைஞாணிலோ இடுப்பு பெல்ட்டிலோ உங்களோடேயே இருக்கட்டும். பிள்ளைகளிடம் ‘பார்த்தால் தொடாதே, பெரியவங்களைக் கூப்பிடு’ என்று சொல்லுங்கள். ஆனால் அதைப் பூட்டுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஏழு வயதுப் பையன் நல்ல பிள்ளையாக இருப்பதை நம்பி ஓர் உயிரைப் பணயம் வைக்க முடியாது.

நம் கரைக்கே உரிய தொல்லை உப்புக்காற்று. தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் விட்டால் உறை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். உறை பயணத்துக்கு மட்டும். வீட்டில் உலர்ந்த துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை மெல்லியதாகத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுக்குப் பிடித்து விசையைச் சண்டித்தனம் பண்ண வைக்கும். தோட்டாவின் பித்தளை அடியில் பச்சை பூத்திருந்தாலோ உறை ஊதியிருந்தாலோ உபயோகிக்காதீர்கள். கடலில் வீசுவதோ அடுப்பில் போடுவதோ கூடாது, கடையிலோ ஸ்டேஷனிலோ கேட்டு ஒப்படையுங்கள்.

இனிச் சொல்வதைச் சிலர் விரும்பமாட்டார்கள். வீட்டில் யாராவது குடித்துவிட்டுச் சண்டை போடுகிறார்களா, கடனிலோ துக்கத்திலோ வாழ்க்கை வெறுத்துப் பேசுகிறார்களா, அந்த வீட்டில் பூட்டிய துப்பாக்கிகூட இருக்கக் கூடாது. அந்த ஆள் நீங்களே என்றாலும்தான். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். அந்த எண்ணம் பல சமயம் கொஞ்ச நேரத்தில் தணியக்கூடியது. துப்பாக்கி அந்த அவகாசத்தைத் தராது. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். தேர்தல் நேரத்தில் கேட்டால் கொடுக்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416-க்குப் போன் பண்ணுங்கள், இல்லாவிட்டால் 104.

மயில் தொல்லை, பன்றித் தொல்லை என்று துப்பாக்கியை ஒரு நாள் கேட்டு வருவார்கள். சொந்த மச்சானாக இருந்தாலும் தராதீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் கையில் கொடுத்தால் கொடுத்தவரும் குற்றவாளி. சீமைக்கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் விறகு பொறுக்குகிறவர் இருக்கலாம். புதுக்கோட்டை நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30 அன்று சுடுதளத்திலிருந்து பறந்த குண்டு வீட்டிலிருந்த 11 வயதுப் பையன் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று இறந்துபோனான். பயிற்சி பெற்றவர்கள், முறையான தளம், அப்படியும் அது நடந்தது. ஏர்கன்னுக்கும் இதே பேச்சுதான். லைசென்ஸ் தேவைப்படாத 4.5 மி.மீ. ரவைகூடக் கண்ணில் பட்டால் கண் போனதுதான்.

அப்புறம், ‘கை தவறி வெடித்தது’ என்ற சமாதானம். தோட்டாவை எடுக்காமல் விட்டதும், பூட்டாமல் விட்டதும் நாம்தான்; துப்பாக்கி தானாகத் தோட்டா போட்டுக்கொள்வதில்லை. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. கல்யாணத்தில் ஜோருக்காக வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினாலும், 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை உள்ளே போகலாம்.

கடைசியாக ஒன்று, வீட்டுக்காரம்மாவை உட்காரவைத்துச் சொல்ல வேண்டியது. லைசென்ஸ் உங்கள் பெயரில்தான். நீங்கள் போய்விட்டால், வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. ‘அவர் ஞாபகமாக இருக்கட்டும்’ என்று பரணில் ஏற்றிவிடாமல், தாமதிக்காமல் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். பிறகு வாரிசு யாராவது லைசென்ஸுக்கு மனு போடலாம், அல்லது விற்றுவிடலாம். லைசென்ஸ் நகல், துப்பாக்கி நம்பர், ஸ்டேஷன் போன் நம்பர் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, பென்ஷன் புக்கோடு வைத்துவிடுங்கள்.