மலையகத்தில் செய்திக் கலையகம் அமைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்

அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. ஒளிபரப்பு அலைகளை அனுப்பும் அதன் பிரதான நிலையம் நுவரெலியாவுக்கு மேலே, 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகல மலையில் இருக்கிறது. செய்தி வாசிக்கும் கலையகமோ கொழும்பில். நம் மலையைப் பற்றிய செய்தியும் கொழும்பில் வாசிக்கப்பட்டுத்தான் நம் வீட்டுக்கு வந்தது. அந்த நிலை இப்போது மாறுகிறது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று டவுன் கடைகளின் மேல்மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, யூடியூப்பிலும் பேஸ்புக்கிலும் செய்தி சொல்லும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நடக்க வேண்டிய காரியம் இது.

கையில் இருக்கும் கொஞ்சக் காசில் பெரும்பகுதி செட்டுக்குத்தான் போகிறது. அப்படிப் போன காசு பல இடங்களில் திரையில் தெரிவதே இல்லை. அறைக்குள் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு அழகாக இருக்கும்படி செட் போடுவதுதான் காரணம். நேயர் அந்த அறைக்குள் வரப்போவதில்லை. கமெராவின் சட்டத்துக்குள் விழும் சில அடிகளைத்தான் அவர் பார்க்கப்போகிறார். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

சுவரோடு சுவராக உட்கார வைப்பது

வழக்கமாக நடப்பது இதுதான். 10க்கு 12 அடி அறை. ஒரு சுவரில் பெரிய பெனர் அடித்து, அதை ஒட்டி மேசை போட்டு, வாசிப்பவரை உட்கார வைத்த பிறகு கமெராவுக்கு இடம் தேடுகிறார்கள். வாசிப்பவரின் நிழல் பெனரில் விழுகிறது. முகமும் பின்னணியும் ஒரே கூர்மையில் தெரிவதால் ஆளைச் சுவரில் ஒட்டிவைத்தது போல இருக்கிறது. இடம் போதாமல் கமெராவைக் கிட்டக் கொண்டுவந்து அகன்ற லென்ஸில் எடுப்பதால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னால் போய்விடுகின்றன.

முதலில் கமெராவின் இடத்தை முடிவு செய்யுங்கள். மேசை அதற்குப் பிறகு. கமெராவுக்கும் முகத்துக்கும் இடையே 7, 8 அடி, முகத்துக்கும் பின்னணிக்கும் இடையே 5, 6 அடி இருந்தால் நல்லது. சின்ன அறையில் இதற்கு இடம் வராது என்று நினைக்க வேண்டாம். மேசையை மூலைவிட்டமாகத் திருப்பிப் போடுங்கள். அறையின் மிக நீளமான கோடு அதுதான். பின்னால் ஒரு மூலை வருவதால் ஆழமும் கிடைக்கும். தேவைப்பட்டால் கதவைத் திறந்துவிட்டு கமெராவை வாசலுக்கு வெளியே நிறுத்தலாம். லென்ஸ் வாசிப்பவரின் கண் மட்டத்தில் இருக்கட்டும். தச்சு பாஸைக் கூப்பிடுவதற்கு முன், தரையில் டேப் ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, போனிலேயே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பலகை வெட்டிய பிறகு திருத்த முடியாதது டேப் ஒட்டும்போதே தெரிந்துவிடும்.

ஜன்னலை நம்புவது

மலையில் வெளிச்சம் நிலையாக நிற்பதில்லை. பகல் இரண்டு மணிக்கு ஹட்டனில் ஜன்னலோரம் பதிவைத் தொடங்கினால், முதல் செய்தியில் வாசிப்பவரின் கன்னத்தில் வெயில் இருக்கும். மூன்றாவது செய்திக்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிடும். கன்னம் நீலம் பாய்ந்து, அறைக்குள் எரியும் மஞ்சள் பல்ப் மறு கன்னத்தில் பளிச்சென்று தெரியத் தொடங்கும். விளையாட்டுச் செய்திக்கு வரும்போது அது வேறொருவரின் முகம். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்ய நினைப்பது வீண் பாடு. ஜன்னலைக் கனமான கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள். எல்லா விளக்கும் ஒரே நிறவெப்பத்தில் இருக்கட்டும்; வெளிச்சம் நீலம் சாய்ந்ததா மஞ்சள் சாய்ந்ததா என்பதைக் கெல்வினில் சொல்லும் அளவு அது. 5,600 கெல்வின் என்றால் எல்லாமே 5,600, 3,200 என்றால் எல்லாமே 3,200. எது வெள்ளை என்று கமெரா கணிக்கும் அமைப்பான வெள்ளைச் சமநிலையை ‘ஓட்டோ’வில் விடாமல் கையால் பூட்டிவிடுங்கள்.

படத்தில் மெல்லிய கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு கமெரா பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி பல்ப் அந்தக் கணக்கில் விநாடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். கமெரா 60 ஹேர்ட்ஸ் நாட்டுக்குரிய அமைப்பில், விநாடிக்கு 30 பிரேமில், ஷட்டர் 1/60இல் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை விழும். கமெராவை 25 பிரேமுக்கும் ஷட்டரை 1/50க்கும் மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பல்ப் வாங்கும்போது போனின் ஸ்லோமோஷனில் அதைப் படம் பிடித்துப் பாருங்கள். துடிப்பது தெரிந்தால் கலையகத்துக்கு அது வேண்டாம்.

இதைவிட என்னை வருத்துவது முகத்தின் நிறத்தை அழிக்கிற பழக்கம். பின்னணி வெள்ளை வெளேரென்று இருக்கும். கமெரா அந்த வெள்ளைக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ள, வாசிப்பவரின் முகம் இருண்டுபோகும். உடனே முகத்துக்கு இன்னும் இரண்டு விளக்கைப் பிடித்து, அடுக்கடுக்காகப் பவுடர் போட்டு, ஒரு பில்டரும் சேர்ப்பார்கள். குற்றம் பின்னணியில் இருக்க, தண்டனை முகத்துக்கு. பின்னணியை முகத்தைவிட மங்கலாக, கரும்பச்சையோ சாம்பல் நீலமோ கடும் மண்ணிறமோ பூசினால் கறுத்த முகம் அதன் சொந்த நிறத்திலேயே துலங்கும். பிரதான விளக்கு ஒரு பக்கம் 45 பாகையில், கண்ணுக்குச் சற்று மேலே. மறுபக்கம் அதில் பாதியளவு வெளிச்சம். பின்னாலிருந்து தோளிலும் தலைமுடியிலும் படும்படி சின்ன விளக்கு ஒன்று. இந்தப் பின்விளக்கு இல்லாவிட்டால் கறுத்த முடி கடும் பின்னணியோடு கலந்துவிடும். வண்ணங்களைச் சரியாகக் காட்டும் விளக்காக, சிஆர்ஐ 90க்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நம் பிள்ளைகள் நம் நிறத்திலேயே திரையில் அமர்ந்து செய்தி சொல்ல வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவு பாடும்.

கொழுந்துக் கூடைப் படம்

மலையகச் செய்தி என்றதும் பின்னால் தேயிலை மலை, முதுகில் கூடையோடு சிரிக்கும் ஓர் அம்மா. எத்தனை அலைவரிசைகளில் இதே படம்! பெரும்பாலும் இணையத்தில் எடுத்தது. அந்த அம்மா யார், எந்தத் தோட்டம், அவரிடம் யாராவது கேட்டார்களா என்று ஒன்றும் தெரியாது. சுற்றுலா விளம்பரத்துக்கு எடுத்த படத்தை நம்முடைய செய்திக்கும் நாமே பின்னணியாக வைத்துக்கொள்வது சரியென்று எனக்குப் படவில்லை.

இதில் தொழில்முறைத் தவறும் இருக்கிறது. செட் எல்லாச் செய்திக்கும் பொதுவானது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து தொழிலாளர்களின் லயன் வீடுகள் புதைந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலைநாடெங்கும் சரிவுகள். அப்படியொரு நாளில் இறந்தவர்களின் விபரத்தை, வெயில் மின்னும் பச்சைச் சரிவுக்கு முன்னால் உட்கார்ந்து எப்படி வாசிப்பது? சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்த செய்திக்குப் பின்னால் அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும்? நிலையான பின்னணி எந்தச் செய்திக்கும் முரண்படாததாக இருக்க வேண்டும். மலைத்தொடரின் வெளிக்கோட்டை மட்டும் இரண்டு மங்கலான நிறங்களில் வரையலாம். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் எல்லைகளைச் சின்ன மரப்பட்டியால் சுவரில் பதிக்கலாம். அடையாளமும் இருக்கும், மரண அறிவித்தலையும் அதன் முன் மரியாதையாக வாசிக்கலாம். இலண்டன், துபாய் கட்டடங்களை இரவு வெளிச்சத்தில் காட்டும் பெனர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

படம் மாற வேண்டுமென்றால் பின்னால் ஒரு டிவியை வையுங்கள். கடையிலிருந்து வந்தபடியே அதை விடக் கூடாது. வீட்டு டிவியின் வெள்ளை பெரும்பாலும் நீலம் கலந்தது. பட அமைப்பில் ‘வார்ம்’ தெரிவுசெய்து, பிரகாசத்தை நன்றாகக் குறையுங்கள். திரையில் அலை அலையாகக் கோலம் ஓடினால் கமெராவின் குவியம் அந்தத் திரையிலேயே விழுகிறது என்று அர்த்தம். ஆளுக்கும் திரைக்கும் இடைவெளியைக் கூட்டி, திரையைச் சற்று மங்கலாக விட்டால் கோலம் மறையும். நெருக்கமான கோடு போட்ட சேர்ட்டிலும் சின்னக் கட்டம் போட்ட சேலையிலும் இதே கோலம்தான் வரும். பின்னணியில் வேறு படத்தைச் சேர்ப்பதற்காகக் கட்டும் குரோமா பச்சைத் துணி பற்றி ஒரு வரி: துணிக்கும் ஆளுக்கும் இடையே 6 அடி விட முடியாத அறையில் அந்தப் பச்சை காதோரத்திலும் தோளிலும் ஒட்டும். அந்த அறைக்கு மரப்பலகைச் சுவரே மேல்.

மழையைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில் வடகீழ் மழை. மேல்மாடி அறைக்குக் கூரை தகரமென்றால் மழை பிடித்த நேரத்தில் பதிவு செய்யவே முடியாது. மண்சரிவு எச்சரிக்கையைச் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான். அறை பார்க்கப் போகும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் மேலே பாருங்கள். முடிந்தால், மேலே இன்னொரு கொங்கிரீட் தட்டுள்ள நடுமாடி அறையைத் தேடுங்கள்.

தகரம்தான் கிடைத்தது என்றால், இடைவெளி விட்டு உட்கூரை அடித்து, நடுவில் சத்தத்தை உறிஞ்சும் ராக்வூல் பஞ்சை நிரப்புங்கள். தகரத்துக்கு மேலே சற்று உயர்த்தி, தேயிலை நாற்றுமேடைக்குக் கட்டுகிற நிழல்வலையை இழுத்துக் கட்டினால் துளி உடைந்து விழும், சத்தம் ஓரளவு குறையும். முட்டைத் தட்டு ஒட்டுவதால் வெளிச்சத்தம் நிற்காது, தீப்பிடித்தால் ஆபத்தும்கூட. அறைக்குள் எதிரொலிப்பதற்கு கமெராவுக்குப் பின்பக்கச் சுவரில் கனமான திரைச்சீலையோ பழைய கம்பளியோ தொங்கவிட்டால் போதும், அதை நேயர் பார்க்கப்போவதில்லை. மைக்கை நெஞ்சுக்குக் கிட்டக் குத்துங்கள். கமெராவிலுள்ள மைக் அறை முழுவதையும் கேட்கும்.

ஈரம் இன்னொரு பாடு. கொழும்பில், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎப் பலகையில் போட்ட செட்டைப் பார்த்துவிட்டு அதையே நுவரெலியாவில் போட்டால் முதல் மழைக்காலத்திலேயே ஓரங்கள் உப்பிவிடும். நீர் தாங்கும் பிளைவுட் வாங்கி, முன்பக்கத்தோடு பின்பக்கத்துக்கும் வெட்டிய ஓரங்களுக்கும் சேர்த்துப் பெயின்ட் அடியுங்கள். தரையிலிருந்து ஓர் அங்குலமும் சுவரிலிருந்து காற்றுப் போகிற அளவும் இடைவெளி வேண்டும். ஒட்டிய ஸ்டிக்கர் குளிரில் விளிம்பு கழன்றுவிடும், ஆகவே அலைவரிசையின் பெயரைப் பலகையில் வெட்டியெடுத்துப் பொருத்துவது நல்லது. லென்ஸை இரவில் செட்டிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். இறுக்கமாக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

மேசை, ப்ரொம்ப்டர், போன்

மேசையின் மேல்தட்டு பளபளப்பாக இருக்கக் கூடாது, விளக்கு அதில் பட்டுத் தாடைக்கு அடியில் வெளிச்சம் அடிக்கும். மேசையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் பெயர் பொறிப்பவர்கள், செய்திப் பட்டி திரையின் அந்தப் பகுதியில்தான் ஓடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சக்கரக் கதிரை வேண்டாம், வாசிப்பவர் தெரியாமலே ஆடுவார்.

ப்ரொம்ப்டர் என்பது வாசிக்க வேண்டிய வரிகளைக் கமெராவுக்கு முன்னால் ஓடவிடும் திரை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு வரியில் மூன்று, நான்கு சொற்களுக்கு மேல் வைத்தால் கண் இடமும் வலமும் ஓடுவது நேயருக்குத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கி, கமெராவைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

கடைசியாக, போன். தோட்டத்தில் இருப்பவர்கள் உங்கள் செய்தியைப் பார்ப்பது பெரும்பாலும் உள்ளங்கைத் திரையில். அதிலும் செங்குத்தாக வெட்டிய ஒரு துண்டு. இருவர் சேர்ந்து வாசிக்கும் மேசையில் அவர்களை இரண்டு ஓரத்திலும் உட்கார வைத்தால், செங்குத்தாக வெட்டும்போது நடுவிலுள்ள பூச்சாடிதான் மிஞ்சும். தோளோடு தோள் கிட்ட உட்கார வைத்து, சட்டத்தின் ஒரு பக்கத்தைக் காலியாக விடுங்கள். படம் போடலாம், வரைபடம் போடலாம். மண்சரிவு எச்சரிக்கை நாளில் சைகைமொழியில் சொல்பவர் நிற்க வேண்டிய இடமும் அதுதான்.