ஆதரவு கேட்டால் ஆதரவுதான் கிடைக்கும்: பார்க்கின்சன் ஆராய்ச்சிக்காக வாஷிங்டன் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் (நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் தரும் நரம்பு நோய்) வந்த நான்காவது வருடம், அவரையும் கூட்டிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து வாஷிங்டன் போனேன், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் எங்கள் தொகுதி உறுப்பினரிடம் ஆராய்ச்சிக்கு உதவி கேட்கலாம் என்று. சந்திக்க முடிந்தது அவரை அல்ல, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் உதவியாளரை. கிடைத்த கால் மணி நேரத்தில் பெரும்பகுதி அப்பாவின் கதைக்கே போய்விட்டது. அந்தப் பெண் உண்மையிலேயே கலங்கிப்போனார், அப்புறம் நோட்டைத் திறந்து, "சரி, நாங்கள் என்ன செய்ய வேண்டும், எந்த மசோதா?" என்றார். "ஆராய்ச்சிக்கு ஆதரவு தர வேண்டும்" என்றேன். தருகிறோம் என்றார். அவ்வளவுதான், வெளியே வந்துவிட்டோம்.

ஆதரவு தருவதற்கு ஒரு கையெழுத்துகூடத் தேவையில்லை, அதுதான் அந்தக் கோரிக்கையில் இருந்த கோளாறு. 2023-ல் விஷயம் தெரிந்தவர்கள் கேட்டது வேறு மாதிரி: எச்.ஆர். 2365 என்ற, பார்க்கின்சனை ஒழிப்பதற்கான தேசியத் திட்ட மசோதாவை முன்மொழிந்தவர்களோடு உங்கள் உறுப்பினரும் பெயரைச் சேர்ப்பாரா? இதற்கு ஆம், இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும், சேர்த்தாரா இல்லையா என்பதை அப்புறம் நாமே இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, உறுப்பினர் வரவில்லையே என்று நான் முகம் சுளித்ததும் தப்பு. நாம் சொன்னதைக் குறிப்பாக எழுதி உறுப்பினர் மேஜைக்குக் கொண்டுபோகிறவர் அந்த உதவியாளர்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, சட்டம் நிறைவேறியதும் பணம் வந்துவிட்டது என்று நினைப்பது. அமெரிக்காவில் இரண்டும் வேறு வேறு படி. 1997-ல் மோரிஸ் யூடால் பெயரில் பார்க்கின்சன் ஆராய்ச்சிச் சட்டம் வந்தது. யூடால் அரிசோனாவிலிருந்து பல வருடம் காங்கிரஸில் இருந்தவர், இந்த நோயால் 1991-ல் பதவி விலகியவர். முதல் ஆண்டில் 10 கோடி டாலர் வரை செலவிடலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. 'வரை', 'செலவிடலாம்' என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். அது அனுமதி மட்டும்தான், பணத்தை ஒதுக்குவது ஒவ்வொரு ஆண்டும் நிறைவேற்ற வேண்டிய நிதி ஒதுக்கீட்டு மசோதா. அது இல்லாவிட்டால் ஏட்டுச் சுரைக்காய்தான்.

2024 ஜூலையில் கையெழுத்தான, பார்க்கின்சனை ஒழிப்பதற்கான தேசியத் திட்டச் சட்டமும் அப்படித்தான். நோயாளிகளுக்கும் பராமரிப்பவர்களுக்கும் இடமுள்ள ஆலோசனைக் குழுவை அது அமைக்கச் சொல்கிறது, நல்ல விஷயம்தான், ஆனால் அந்தச் சட்டமே ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கவில்லை. அது நிறைவேறிய அன்று வாட்ஸப்பில் இனிப்புப் படம் அனுப்பியவர்களில் நானும் ஒருவன், இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஒதுக்கீட்டு மசோதாக்கள் மொத்தம் 12. அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான தேசிய சுகாதார நிறுவனங்களுக்கான பணம் ஒன்றில் வருகிறது, ராணுவம் தனியாக நடத்தும் பார்க்கின்சன் ஆராய்ச்சித் திட்டத்துக்கான பணம் பாதுகாப்புத் துறை மசோதாவில் வருகிறது (வீரர்களுக்கு ஏற்படும் நச்சுப்பொருள் பாதிப்பும் தலைக்காயமும் இந்த நோயோடு தொடர்புபடுவதால்). இது என் மண்டையில் ஏறவே நாளாயிற்று. எந்தத் திட்டத்துக்குக் கேட்கிறோம், நம் உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று பார்க்காமல் போனால் தவறான கதவைத் தட்டிவிட்டு வருவோம். நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும், உறுப்பினர்கள் தங்கள் கோரிக்கைகளை இளவேனில் வாக்கிலேயே ஒதுக்கீட்டுக் குழுவிடம் கொடுத்துவிடுவார்கள், செப்டம்பரில் போய் நிற்பது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

கட்சி பார்த்து ஒதுங்குவதும் வேண்டாம். தேசியத் திட்ட மசோதாவைக் கொண்டுவந்தவர்கள் குடியரசுக் கட்சியின் பிலிராகிஸ், ஜனநாயகக் கட்சியின் டோன்கோ, பிரதிநிதிகள் சபையில் அது 407-க்கு 9 என்று தேறியது. அதேபோல, ஐந்து வருடத்தில் குணமாகிவிடும் என்றெல்லாம் வாக்குக் கொடுக்காதீர்கள். லெவோடோபா 1960-களில் வந்த மருந்து, இன்றும் அறிகுறிகளைக் குறைக்க அதுதான் முதன்மையானது, நோயையே நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை.

கடைசியாக, மாத்திரை நேரம். எங்களுக்குச் சொன்ன நேரம் நாற்பது நிமிடம் தள்ளிப்போனது. அதற்குள் மருந்தின் வேகம் குறைந்து, அறை வாசலில் அப்பாவின் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே எல்லோரும் எழுந்து நிற்க, அவர் வாசற்படியைப் பார்த்தபடியே நின்றார். இதே நோய் உள்ள நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் 1999-ல் செனட் குழு முன் வேண்டுமென்றே மருந்து எடுக்காமல் போய்ப் பேசினார், ஆனால் அது அவராக எடுத்த முடிவு. அப்பாவுக்காக அந்த முடிவை எடுத்தது என் கவனக்குறைவு. திரும்பும்போது ரயிலில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த முறை நேரம் கேட்டு மின்னஞ்சல் எழுதும் முன், மாத்திரை அட்டவணையை எடுத்து அவரிடம் கொடுத்தேன், எத்தனை மணிக்குப் போகலாம் என்று அவரே குறித்துக் கொடுத்தார்.